ஏளா என்று ஒரு பட்டன்

ஜூன் 2, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொல்லிட்டா: "தினமும் ரெண்டு வரி எழுதி வைங்க. எந்த வார்த்தைக்கு உங்க வீட்டுக்காரர் முகம் திரும்புது, எதுக்குத் திரும்பலைன்னு." சரின்னு ஆபீஸ்ல யாரும் சீந்தாம கிடந்த டைரி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தேன்.

இன்னைக்கு: டீவி சத்தத்துக்குத் திரும்பினார். எனக்குத் திரும்பலை.

ரெண்டு வரி ஆச்சு.

ஜூன் 3, செவ்வாய்

காலைல இட்லி. ரெண்டு சாப்பிட்டார், மூணாவதைத் தட்டோட தள்ளிவிட்டார். போதும்னு சொல்ல வாய் வராதவர் வேற எப்படித்தான் சொல்வார்? எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் கத்திட்டேன். சுவரெல்லாம் சாம்பார். துடைச்சுட்டு ஆபீஸுக்கு ஓடினா பஸ் போயிட்டுது.

ஜூன் 5, வியாழன்

டாக்டரம்மா இந்த டைரியை வாங்கிப் பார்க்கப் போறதில்லையாம். "உங்களுக்காகத்தான் எழுதச் சொன்னேன்"னு சிரிக்கா. அப்படியா சங்கதி! அப்போ கொஞ்சம் தாராளமாவே எழுதலாம்.

இவர் தை மாசம் பல் தேய்க்கும்போது விழுந்தார். மூளையில ரத்தக் குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூணும் ஒரே நிமிஷத்துல போச்சு. கால் பாதி திரும்பி வந்துட்டுது, கம்பு ஊன்றி வீட்டுக்குள்ள நடக்கார். இடது கை நல்லா இருக்கு. பேச்சு மட்டும் வரலை. ஒரு சொல்கூட வரலை.

லேத்துப் பட்டறையில மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகின தொண்டை அது. மூணாவது மாடியில நின்னு "ஏளா!"ன்னு கூப்பிட்டா, கீழே கீரைக்காரிகிட்ட நிக்கிற எனக்கு மட்டுமா கேட்கும், இந்தக் குடியிருப்புக்கே கேட்கும். எங்க தென்காசிப் பக்கம் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாங்க. இந்த ஓசூர்ல அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. கீழ் வீட்டுப் பொண்ணு ஒரு நாள், "ஆண்ட்டி, உங்க பேரு ஏளாவா?"ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு முழுக்க இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

ஆபீஸ்ல நான் உலகம்மாள் மேடம். மத்தவங்களுக்கு அக்கா, ஆண்ட்டி. ஏளான்னு கூப்பிட இந்த ஊர்ல ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

பிள்ளைகள் இல்லை. அதையும் எழுதியாச்சு, மேலே போவோம்.

ஜூன் 7, சனி

நான் வேலை பார்க்கிறது அட்டைப்பெட்டிக் கம்பெனியில, ஸ்டோர்ஸ் பிரிவு. சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் புரோகிராமிங் வகுப்பு வச்சிருக்காங்க. தேறினா சாஃப்ட்வேர் பக்கம் போகலாம், ஷிஃப்ட் கிடையாது, அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம். அதுக்காகத்தான் சேர்ந்தேன். ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லை.

வகுப்பு எடுக்கிறவ பேரு ஃபர்ஹானா. என்னைவிட ரொம்பச் சின்னவ, வாய் என்னைவிட நீளம். இன்னைக்கு வேலை கொடுத்திருக்கா: "ஆளுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டு வாங்க. ஒரே கண்டிஷன். மூடினாலும் மறக்கக் கூடாது. திரும்பத் திறந்தா விட்ட இடத்துலேர்ந்து வரணும்."

பக்கத்து சீட்டுக்காரன் கிரிக்கெட் டீம் பட்டியல் போடப் போறானாம். நான் இவருக்குப் பேசுற பலகை ஒண்ணு செய்யப் போறேன். லேப்டாப் திரையில பட்டன் பட்டனா வார்த்தை இருக்கணும், தொட்டா பேசணும். ஃபோன்ல கிடைக்கிற ஆப் ஒண்ணு போட்டுக் காட்டினேன் முன்னாடி. "எனக்குத் தண்ணீர் வேண்டும்"னு ரேடியோ செய்தி மாதிரி சொல்லிச்சு. இவர் அதை முறைச்ச முறைப்பு இருக்கே! ஃபோன் தப்பிச்சது பெரிசு.

அதனால குரல் என் குரல்தான். தண்ணி, பசி, பாத்ரூம், வலி, டீவி, போதும்.

ஜூன் 12, வியாழன்

பேசிட்டுது! காலைல லேப்டாப்பை இவர் முன்னாடி வச்சு எது எதுன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் இடது கை விரலால ஒரு தொடு. என் குரல், "தண்ணி"ங்குது. நான் எடுத்துட்டு வந்து கொடுத்தேன். மடக் மடக்னு குடிச்சார்.

தைக்கு அப்புறம் என்கிட்ட வாய்விட்டு ஒண்ணு கேட்டிருக்கார். சந்தோஷமா இருக்கு. இதைத் தனியா உட்கார்ந்து கொண்டாட முடியாதுன்னு ரத்னம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். அவ மத்தியானம் வந்து இவருக்குச் சாப்பாடு கொடுத்துட்டுப் போறவ, பேச்சுல பாதி தெலுங்கு. "அது சரிக்கா, நாளைக்கு ரசம் வேணுமா?"ன்னா.

ஜூன் 13, வெள்ளி

நேத்து சாயங்காலம் ரெண்டு பேருமா உட்கார்ந்து புதுசா பட்டன் சேர்த்தோம். கருப்பட்டிக் காப்பி, முதுகு சொறி, சேனல் மாத்து. ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினார். இன்னைக்குக் காலைல திறந்தா பழைய ஆறுதான் இருக்கு. சேர்த்த மூணும் போயே போச்சு.

கருப்பட்டிக் காப்பி இருந்த இடத்தை விரலால குத்துதார். வெறும் திரை. மறுபடி குத்துதார். அப்புறம் மேஜையில ஓங்கி ஒரு அடி. ஏற்கெனவே சொல்லெல்லாம் தொலைச்ச மனுஷன்கிட்ட, தொலைக்கிற பெட்டியைச் செஞ்சு கொடுத்திருக்கேன் பாரு. என்னைச் செருப்பால அடிக்கணும்.

ஜூன் 14, சனி

ஃபர்ஹானாகிட்ட சொன்னேன். அவ சிரிக்கலை, ஆச்சரியம்.

"அக்கா, உங்க ஒவ்வொரு பட்டனும் ஒரு ஆப்ஜெக்ட். சரியா? என்ன எழுத்து, எந்தக் குரல் ஃபைல், எல்லாம் கட்டி வச்ச ஒரு பொட்டலம். புரோகிராம் ஓடுற வரைக்கும்தான் அது உயிரோட இருக்கும். மூடினா அம்புட்டும் காலி."

"அப்போ என்ன செய்ய?"

"பொட்டலத்தைப் பிரிச்சு, உள்ள என்ன இருக்குன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுடணும். திறக்கும்போது அதைப் படிச்சு அதே மாதிரி புதுப் பொட்டலம் கட்டிக்கணும். எழுதி வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு, எக்ஸ்.எம்.எல்.னு. ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னாடி ஒரு பேர்ச்சீட்டு, பின்னாடி ஒரு பேர்ச்சீட்டு. நடுவுல சரக்கு. உங்க ஸ்டோர்ஸ்ல பெட்டி மேல ஒட்டுறீங்கல்ல, அந்த மாதிரிதான்."

சேமிக்க ரெண்டு வரி, திரும்ப எடுக்க ரெண்டு வரி. அவ்வளவுதானாம். வீட்டுக்கு வந்து எழுதினேன். ஓடலை. சிவப்பா ஏதோ திட்டுது.

ஜூன் 17, செவ்வாய்

இன்னும் திட்டுது. இவருக்குச் சளி. நாலு நாளா வீடு பெருக்கலை.

ஜூன் 18, புதன்

கண்டுபிடிச்சுட்டேன். நான் பட்டன் செய்யும்போது எழுத்தையும் குரலையும் கையில கொடுத்தாத்தான் செய்வேன்னு எழுதி வச்சிருந்தேன். ஃபைல்லேர்ந்து எடுக்கிற மிஷினுக்கு அது ஆகாதாம். முதல்ல ஒண்ணுமே இல்லாத வெறும் பட்டன் ஒண்ணு செய்யும், அப்புறம்தான் எழுத்து, குரல்னு ஒவ்வொண்ணா உள்ள வைக்கும். வெறும் பட்டன் செய்ய வழி விடணும். ஒரே ஒரு வரி, உள்ளே ஒண்ணும் எழுத வேண்டாம். அதுக்கா இத்தனை நாள்!

சேமிச்ச ஃபைலை நோட்பேட்ல திறந்து பார்த்தேன். நான் புரோகிராமுக்குள்ள பட்டனுக்குப் பேரே "சொல்"னு தமிழ்லதான் வச்சிருக்கேன். ஃபைல்லயும் அப்படியே வந்திருக்கு. சொல், எழுத்து, தண்ணி. சொல், எழுத்து, பசி. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு. படிக்க நல்லா இருந்தது. மூடினேன், திறந்தேன். கருப்பட்டிக் காப்பி இருந்தது. இவர் உடனே அதைத் தொட்டார். காப்பி போட்டேன்.

ஜூன் 21, சனி

"தமிழ்லயா பேர் வச்சீங்க? ஓடுதா? அட!"ன்னு ஃபர்ஹானா குனிஞ்சு பார்த்தா. "நல்லாருக்குக்கா. இன்னும் ஒண்ணு செய்யுங்க. அதிகமா அழுத்துற பட்டன் முன்னாடி வர்ற மாதிரி."

செஞ்சுட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் "எத்தனை"ன்னு ஒரு கணக்கு. தொட்டா ஒண்ணு கூடும். முதல்ல தொடத் தொடவே பட்டனெல்லாம் இடம் மாறிச்சு, இவர் திண்டாடிப் போனார். அதனால காலைல திறக்கும்போது மட்டும் அடுக்கும்படி மாத்திட்டேன். சாயங்காலம் வந்து மூடுவேன், அப்போ சேமிக்கும். காலைல திறப்பேன், நேத்துவரைக்கும் எது அதிகமோ அது முன்னால நிக்கும்.

இவர் மனசுல எது முன்னாடி நிக்குன்னு இனிமே தினமும் காலைல தெரிஞ்சுக்கலாம். சொல்லாத மனுஷன்கிட்ட வேற எப்படித் தெரிஞ்சுக்க?

ஜூன் 23, திங்கள்

திறந்தேன். தண்ணி முதல்ல, பசி ரெண்டாவது, பாத்ரூம் மூணாவது. நான் போட்ட வரிசை அப்படியே. பரவால்லையே, புருஷனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தா. மேஜையில ஃபோட்டோக்களைப் பரப்பி வச்சா. மாடு, டம்ளர், டீவி, என் ஃபோட்டோ. "டம்ளர் எது?" காட்டினார். "டீவி எது?" காட்டினார். "உங்க மனைவி யாரு?" இவர் என் ஃபோட்டோவைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி ஜன்னல் பக்கமாப் பார்த்துட்டு இருந்தார். ஜன்னல்கிட்ட நான்தான் துணி மடிச்சுட்டு நின்னேன், வழியை மறைச்சுட்டு. வெளியே வேடிக்கை பார்க்கணும் போலன்னு நகர்ந்துட்டேன்.

"ஆளைக் கண்டுபிடிக்கிறதுல சிரமம் இருக்கலாம், இப்போ எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது"ன்னா டாக்டரம்மா. தண்ணி கொடுக்கிறவ, சோறு போடுறவ. வேலைக்கு வந்தவன்னு நினைச்சிருப்பாரோ என்னவோ.

ஜூன் 24, செவ்வாய்

இவர் தம்பி ஆவுடையப்பன் மதுரையிலிருந்து ஃபோன் பண்ணினான். எப்பவும் போல வீடியோவுல இவரைக் காட்டச் சொன்னான். "அண்ணே, நான்தான் ஆவுடை"ன்னான். இவர் டீவியைப் பார்த்துட்டு இருந்தார்.

"மதினி, நான் சொல்லுததைத் தப்பா எடுத்துக்காதீக. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல இல்லம் ஒண்ணு இருக்கு. நாள் முழுக்க ஆள் பார்த்துக்கிடுவாக. நான் தினமும் போய் எட்டிப் பார்த்துக்கிடுதேன். நீங்க அங்க ஒத்தையில எத்தனை நாளைக்கு?"

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"அண்ணனுக்கு யார் யாருன்னே தெரியலை மதினி. எங்க இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான்."

நல்லவன்தான் அவன். அதான் கோபமே வரமாட்டேங்குது.

ஜூன் 25, புதன்

ஃபோனைக் குடைஞ்சுட்டு இருந்தப்போ கிடைச்சது. மார்கழியில இவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். "ஏளா, வரும்போது அரைக்கீரை ஒரு கட்டு வாங்கிட்டு வா. ஏளா, கேட்குதா?" அவ்வளவுதான். கீரை வாங்கிட்டு வந்தேனான்னு ஞாபகம் இல்லை.

முதல் ஏளாவை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பட்டன் செஞ்சேன். கடைசியில போட்டேன். என்னைத் தெரியுதான்னு அதை வச்சுப் பார்த்துடலாம்னு ஒரு நப்பாசை.

இவர் முன்னாடி வச்சேன். தொட்டார். "ஏளா!" லேத்துக்காரத் தொண்டை. வீடே நிறைஞ்ச மாதிரி இருந்தது. இவர் முகம் எப்படி இருந்ததுன்னு நான் பார்க்கலை. வெங்காயம் நறுக்க அடுக்களைக்குப் போயிட்டேன். இன்னைக்கு வச்சது மோர்க்குழம்பு, அதுக்கு இத்தனை வெங்காயம் வேண்டாம்தான். நறுக்கினேன். திரும்பிப் பார்த்தா இவர் அடுக்களை வாசல்படியில கம்பை ஊன்றி நிக்கார், என்னையே பார்த்துட்டு. "போய் உட்காருங்க, வாரேன்"னேன்.

அதுக்கப்புறம் அதைத் தொடலை.

ஜூன் 26, வியாழன்

ஏளா கடைசியில.

ஜூன் 27, வெள்ளி

கடைசியில. தண்ணி, பசி, பாத்ரூம். சாயங்காலம் நான் பக்கத்துலயே உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சேன். ரெண்டு தடவை தண்ணி, ஒரு தடவை சேனல் மாத்து. அதோட சரி.

ஜூன் 30, திங்கள்

ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுல இருந்தேன். ஒரு தடவைகூட இல்லை. இன்னைக்குக் காலைலயும் கடைசிதான்.

ரத்னம்மா புகார். "அக்கா, உன் பொட்டி கெட்டுப்போச்சா? நான் வர்றப்பல்லாம் ஒரே கத்து கத்திட்டே இருக்கு. எனக்குத் தலைநோவு." சத்தத்தைக் குறைச்சு வச்சேன். ஸ்பீக்கர்ல ஏதோ இரைச்சல் போல. அதையும் பார்க்கணும், எனக்கு எத்தனை கை?

ஜூலை 2, புதன்

ஆவுடையப்பன் மறுபடி. "ஆடி பிறந்துட்டா ஆளை இடம் மாத்தக் கூடாது மதினி. பதிமூணாம் தேதி ஞாயிறு நான் கார் எடுத்துட்டு வாரேன். சரிதானே?"

சரின்னுட்டேன். சொல்லி முடிச்சதும் ஃபோனை வச்சுட்டு உலை வைக்கப் போனேன். அரிசி போட மறந்து வெறும் தண்ணியைக் கொதிக்க விட்டிருக்கேன்.

ஜூலை 3, வியாழன்

இவர்கிட்ட சொல்லணும்ல. பக்கத்துல உட்கார்ந்து சொன்னேன். "ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு உங்க தம்பி வாரான். மதுரையில நல்ல இடமாம். உங்களை நல்லாப் பார்த்துக்கிடுவாங்க. நான் மாசாமாசம் வாரேன்."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கை நீட்டி "வலி"யைத் தொட்டார்.

எங்கேன்னு கேட்டேன். காலா, முதுகா, தலையா? எதுக்கும் தலையாட்டலை. மறுபடி வலி. மறுபடி வலி. மாத்திரை கொடுத்தேன். வாங்கிக்கிட்டு விழுங்காம கைக்குள்ளயே வச்சிருந்தார்.

ஜூலை 5, சனி

புரோகிராமை ஃபர்ஹானாகிட்ட ஒப்படைச்சாச்சு. திருத்திட்டுச் சொல்லுவா. எதுக்கு இனிமே. அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்து யார்கூட இருக்க?

ஜூலை 6, ஞாயிறு

இவர் வேட்டி சட்டையெல்லாம் துவைச்சுத் தேய்ச்சேன். மதுரையில வெயில் அதிகம், ஸ்வெட்டர் வேண்டாம். ஸ்வெட்டரை எடுத்து என் பக்கத்து அலமாரியில வச்சேன்.

ஜூலை 8, செவ்வாய்

தண்ணி, பசி, பாத்ரூம், வலி. ஏளா கடைசியில. எடுத்துடலாமான்னு பார்த்தேன், அந்தப் பட்டனை. கை போகலை. இருந்துட்டுப் போகட்டும், சோறா கேட்குது.

ஜூலை 9, புதன்

மத்தியானம் கேன்டீன்ல ஃபர்ஹானா என் தட்டுக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

"அக்கா, எல்லாம் சூப்பர். ஒரே ஒரு தப்பு. அந்த எத்தனை இருக்குல்ல, அது சேவே ஆகலை."

"ஆகுதே. தினமும் வரிசையா வருதே."

"எங்க வருது? நீங்க டைப் பண்ணின வரிசை வருது. எத்தனைங்கிறதை நீங்க பிரைவேட்னு போட்டிருக்கீங்க. வெளியாள் தொடக்கூடாதுன்னு. எக்ஸ்.எம்.எல்.ல எழுதுறதும் வெளியாள்தானே? பப்ளிக்கா இருக்கிறதை மட்டும்தான் எழுதும், மத்ததைக் கண்டுக்காது. பிழைன்னுகூடச் சொல்லாது. மூடினா கணக்கு காலி, திறந்தா எல்லாத்துக்கும் சைபர். எல்லாம் சைபர்னா அடுக்க என்ன இருக்கு? இருந்த மாதிரியே நிக்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். ஃபைலைத் திறந்து பார்க்கலையா?"

முதல் நாள் பார்த்தேன். எத்தனையைச் சேர்த்த பிறகு பார்க்கலை.

சாயங்காலம் வந்து பார்த்தேன். சொல் இருக்கு, எழுத்து இருக்கு, குரல் இருக்கு. எத்தனை என்கிற பேரே ஃபைல்ல இல்லை. அப்போ இத்தனை நாளா காலைல காலைல நான் பார்த்தது இவர் மனசு இல்லை, என் டைப்பிங். நல்லா கெட்டிக்காரிதான் நான். ஒரு சொல்லை மாத்தினேன், பிரைவேட்டை எடுத்துட்டு பப்ளிக். ஞாயித்துக்கிழமை போகப் போற மனுஷனுக்கு இது எதுக்குன்னும் தோணிச்சு. வகுப்புக்காகத் திருத்தினேன்னு வச்சுக்கிடுவோம்.

ஜூலை 10, வியாழன்

ஸ்டோர்ஸ்ல சரக்கு இறங்கிச்சு. இடுப்பு கழண்டுட்டுது. வந்து மூடினேன், படுத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்னைக்கு ஆபீஸ் போகலை. ஏன்னு எழுதுதேன். எழுத்து கோணலா வந்தா வரட்டும்.

காலைல காப்பி கொடுத்துட்டு லேப்டாப்பைத் திறந்தேன். முதல் இடத்துல ஏளா.

அடக் கடவுளே, வரிசையைத் தலைகீழா அடுக்கிட்டேன் போலிருக்குன்னு நினைச்சேன். கடைசியில இருந்தது முதலுக்கு வந்தா வேற என்ன நினைக்க? ஆனா ரெண்டாவது தண்ணி. மூணாவது பாத்ரூம். தலைகீழ்னா தண்ணி கடைசிக்கில்லா போயிருக்கணும்? நோட்பேட்ல ஃபைலைத் திறந்தேன். இப்போ ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் எத்தனை இருக்கு. தண்ணிக்கு ஒரே இலக்கம். பாத்ரூமுக்கும் ஒரே இலக்கம். ஏளாவுக்கு மூணு இலக்கம்.

ஒரே ஒரு நாள். நான் இடுப்பு கழண்டு பெட்டி எண்ணிட்டு இருந்த ஒரே ஒரு நாளைக்கு.

நம்ப முடியலை. விரல் பட்டனிலேயே கிடந்து அழுத்திட்டே இருந்திருக்கும்னு நினைச்சேன். இவரைத் திரும்பிப் பார்த்தேன். காப்பி டம்ளரை இடது கையில பிடிச்சுட்டு என்னையே பார்த்துட்டு இருக்கார். எப்பவும் போல செருப்பு மாட்டினேன், பையை எடுத்தேன், "போயிட்டு வாரேங்க"ன்னேன். கதவைச் சாத்திட்டு மாடிப்படி இறங்கலை. செருப்பு அலமாரிகிட்ட சுவரோட ஒட்டி நின்னேன்.

டீவி அணைஞ்சது. கம்பு சத்தம் கேட்டது, நாற்காலி இழுபடுற சத்தம் கேட்டது. அப்புறம்,

"ஏளா!"

கொஞ்சம் இடைவெளி. யாராவது பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு.

"ஏளா!"

மறுபடி இடைவெளி. அதுக்குள்ள இன்னொரு சத்தம். பெட்டிச் சத்தம் இல்லை. தொண்டைக்குள்ள ஏதோ உருள்ற மாதிரி, காத்து மட்டும். அந்தச் சொல்லைப் பின்னாலேயே சொல்லிப் பார்க்கார். வரலை. மறுபடி பட்டன்.

"ஏளா!"

தைக்கு முன்னால இந்த வீட்டுல அந்தக் குரல் கேட்டா நான் சொல்லுற பதில் ஒண்ணுதான். எங்க இருந்தாலும், என்ன செஞ்சுட்டு இருந்தாலும் வாய் தன்னால சொல்லும். இப்பவும் சொல்லிட்டுது. "இந்தா வாரேன், இருங்க!"

நான் கத்தின கத்துல எதிர் வீட்டுக் கதவு திறந்துட்டுது. நான் சாவி போடத் தெரியாம தடுமாறிட்டு இருக்கேன், அந்தம்மா பயந்துபோய்ப் பார்க்காங்க. உள்ளே போனா இவர் கையை வெடுக்குன்னு பட்டன்லேர்ந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டார், திருடித் தின்னு மாட்டிக்கிட்ட மாதிரி. அப்போதான் எனக்கு உறைச்சது. முதல் நாள் இதைத் தொட்டப்போ நான் அடுக்களைக்கு ஓடினேன். இவர் கம்பை ஊன்றி வந்து நான் அழுததைப் பார்த்துட்டார். நான் அழுவேன்னுதான் என் முன்னால தொடாம இருந்திருக்கார். ஃபோட்டோவைக் கேட்டப்போ ஜன்னலைப் பார்க்கலை. என்னைப் பார்த்தார். உயிரோட நான் நிக்கும்போது ஃபோட்டோ என்னத்துக்கு அவருக்கு? நான்தான் வழியை விட்டு நகர்ந்தேன், கூறுகெட்டவ.

இன்னைக்கு வெங்காயம் நறுக்கப் போகலை. அங்கேயே தரையில உட்கார்ந்து இவர் முழங்கால்ல தலையை வச்சு வாய்விட்டு அழுதேன். கொஞ்ச நேரம் இடது கை என் தலையில இருந்தது. அப்புறம் கை எழும்பிப் போய் ஒரு பட்டனைத் தொட்டது.

"போதும்"னு என் குரலே எனக்குச் சொல்லிச்சு. சிரிச்சுட்டேன். அவர் உதடும் ஒரு பக்கமாக் கோணிச்சு.

மத்தியானம் ஆவுடையப்பனுக்கு ஃபோன் போட்டேன்.

"காரை எடுத்துட்டு வராத ஆவுடை. சும்மா வாரதுன்னா வா, சாப்பிட்டுட்டுப் போ."

"என்னாச்சு மதினி? எல்லாம் பேசி முடிச்சாச்சே."

"உங்கண்ணன் என்னைக் கூப்பிடுதார்."

"பேச்சு வந்துட்டா?"

"பேச்சு வரலைடா. கூப்பிடுதார்."

"சரி மதினி"ன்னான். மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டது.

ஜூலை 14, திங்கள்

ஆபீஸ் போகாம முடியாது. போனேன். பெட்டி எண்ணும்போதெல்லாம் காதுக்குள்ள அதுதான். இப்போ கூப்பிடுவார், இப்போ கூப்பிடுவார், பதில் சொல்ல ஆள் இல்லை. முன்னாடி தெரியாம இருந்தேன். தெரிஞ்சுட்டு எப்படிச் சும்மா இருக்க?

சாயங்காலம் வரும் வழியில ஒண்ணு தோணிச்சு.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லுக்குள்ள புதுசா ஒண்ணு சேர்த்தேன், "பதில்"னு. மத்த பட்டனுக்கெல்லாம் அது வெறுமையா இருக்கும். ஏளாவுக்கு மட்டும் ஒரு குரல் ஃபைல். அவர் குரல் முடிஞ்சதும் கொஞ்சம் இடைவெளி விட்டு அது ஓடும். பப்ளிக்தான், ரெண்டு தடவை பார்த்துட்டேன். மூடினேன், நோட்பேட்ல பார்த்தேன், பதில் இருந்தது. திறந்தேன், இருந்தது.

குரல் பதியத்தான் நேரம் ஆச்சு. அடுக்களையிலேர்ந்து சொல்லுற மாதிரி இருக்கணும்ல. ஃபோனைக் கூடத்துல வச்சுட்டு அடுக்களைக்குப் போய்க் கத்தினேன். குக்கர் விசில் சேர்ந்து பதிஞ்சுட்டுது. அதை அப்படியே விட்டுட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. பாயசம் வச்சேன்.

ரத்னம்மா மத்தியானம் ஃபோன் பண்ணினா. "அக்கா, பொட்டியில இப்போ நீயும் கத்துற. அண்ணன் ரெண்டு தடவை கேட்டுட்டுத் தானா எழுந்து சாப்பிட வந்துடுச்சு. ரிப்பேர் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்"னேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தேன். இவர் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துட்டே, என் கண் முன்னாலேயே, கையை நீட்டி முதல் பட்டனைத் தொட்டார்.

"ஏளா!"

வாயைத் திறக்கிறதுக்குள்ள குக்கர் விசிலோட பெட்டி சொல்லிட்டுது, "இந்தா வாரேன், இருங்க." பையைக் கீழே போட்டுட்டு நானும் சொன்னேன்.